பதினொரு நாள் விருந்தாளி

“ஏமானே, நாம பங்களாவுக்குப் போறோமா, இல்ல நேரே மோட்சத்துக்கா?”

குரல் மலையை மூடிய மஞ்சுக்குள்ளிருந்து, அந்தப் பனிமூட்டத்துக்குள்ளிருந்து, வந்தது. ஆளைக் காணவில்லை. கீரிப்பாறைக்கு மேலே மூன்றாவது வளைவு தாண்டியதுமே மஞ்சு இறங்கி, முன்னால் பெட்டியைச் சுமந்துபோன கிளீட்டஸை முழுசாக விழுங்கியிருந்தது.

“மோட்சத்துல உன்னை ஆரு ஏத்துவா? நடலே,” என்றார் ரசலையன்.

“அதுவும் செரிதான். அங்க சாவியோட வாசல்ல நிக்கது புனித ராயப்பராக்கும். அவரும் என்னைப்போல மீன்காரன். எனக்க எடைக்கல்லுல உள்ள கள்ளம் அவருக்குத் தெரியாம இருக்குமா?”

ரசலையன் சிரிக்கவில்லை. ஒரு பாறையில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். ஐம்பத்திரண்டு வயது. திருவிதாங்கூர் சர்க்காரில் இருபத்துநான்கு வருஷம் போலீஸ் உத்தியோகம், கடைசியில் இன்ஸ்பெக்டர். மனைவி பூங்கனி இறந்த மறுவருஷம் வேலையை ராஜினாமா செய்தார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கேட்டு வருகிறவர்களுக்குத் துப்புத் துலக்கிக் கொடுக்கத் தொடங்கி இப்போது ஆறு வருஷம். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்காரனான கிளீட்டஸை அவர் சர்வீஸில் இருந்தபோது இரண்டு தடவை பிடித்திருக்கிறார். மூன்றாவது தடவை சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்.

சட்டைப்பையில் அந்தக் கடிதம் ஈரமாகிக் கிடந்தது. அதை அவர் மூன்று நாளில் எத்தனையோ முறை வாசித்துவிட்டார்.

“ஏமானுக்கு, மஞ்சுமேடு பங்களா செல்லபாய் எழுதுவது. இங்கே தங்க வருகிறவர்களுக்குப் படுக்கையும் காலை ஆகாரமும் கொடுத்துப் பிழைக்கிறேன். இங்கே தங்கியிருந்த கருங்கல் யேசுரத்தினத்தை நான் கொலை செய்தேன் என்று திங்கட்கிழமை என்னைப் பிடித்துப் போகப் போகிறார்கள். உதவிக்குக் கூப்பிட எனக்கு யாரையும் தெரியாது. வருகைப் புத்தகத்தைப் புரட்டினேன். போலீஸ் உத்தியோகம் என்று எழுதியிருந்தது உங்கள் பேருக்கு நேரே மட்டும்தான். 1917-ல் மூன்று நாள் தங்கினீர்கள். அம்மாவும் கூட வந்திருந்தார்கள். முடியுமானால் இருவரும் வாருங்கள். அறைகள் காலியாகத்தான் இருக்கின்றன.”

‘இருவரும்’ என்ற சொல்லுக்கு வரும்போதெல்லாம் அவர் கடிதத்தை மடித்துவிடுவார்.

பங்களா மஞ்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதலில் புகைக்கூண்டு, பிறகு பாசி பிடித்த ஓட்டுக்கூரை, பிறகு கருங்கல் படிகள். தொண்ணூறு வருஷத்துக்கு முன் காப்பித் தோட்டம் போட வந்த ஒரு வெள்ளைக்காரன் கட்டியது. காப்பிச்செடிக்கு நோய் வந்து அவன் போனான். பிறகு மிஷன் துரைமார் வெயில்காலத்துக்கு வந்து தங்கினார்கள். கடைசியாகத் தங்கியிருந்த கிழட்டு மிஸ்ஸியம்மா, பதினைந்து வயதில் தன்னிடம் வேலைக்கு வந்த செல்லபாயின் பேரிலேயே வீட்டை எழுதிவைத்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு முன் கண்ணை மூடினாள். அன்றிலிருந்து ஐந்து அறைகளுக்கும் செல்லபாய் ஒருத்திதான்.

அவள் படியில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கை. ரசலையனைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் பார்த்தாள், கிளீட்டஸைத் தவிர யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வாருங்க ஏமானே. நல்லா நனஞ்சிட்டியளே. முதல்ல காப்பி குடியுங்க. உங்களுக்குப் பழைய அறையவே தூத்து வச்சிருக்கேன்.”

“வேற அறை இருந்தா தா அம்மா,” என்றார் ரசலையன்.

எதற்கும் ஒரு குத்தல் வைத்திருக்கிற கிளீட்டஸ், இதற்கு மட்டும் பெட்டியை உடனே வேறு அறைக்குத் தூக்கிப்போனான்.

நீள மேசைமேல் காப்பி வந்தது. பக்கத்தில் வெள்ளை எனாமல் டப்பாக்கள் இரண்டு. ஒன்றின்மேல் ‘சர்க்கரை’ என்றும் மற்றதன்மேல் ‘உப்பு’ என்றும் இங்கிலீஷில் நீல எழுத்து. ரசலையன் சர்க்கரை டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்தார். குடித்தவர் எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்.

“ஐயோ, சொல்ல மறந்துட்டேன்!” செல்லபாய் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். “சர்க்கரை டப்பாக்க மூடி நெளிஞ்சு போச்சு ஏமானே. எறும்பு கேறும். அதனால சர்க்கரைய உப்பு டப்பாவுல போட்டுட்டு, உப்பை இதுல மாத்தினேன். வருஷம் நாலாச்சு. வாறவங்க எல்லாருக்கும் முதல் நாளு இப்பிடித்தான் ஆவுது. பிறவு பழகிரும்.”

கிளீட்டஸ் நிதானமாக உப்பு டப்பாவைத் தன் பக்கம் இழுத்தான். “எனக்கு இங்கிலீஷ் தெரியாதது எவ்வளவு நல்லதாப் போச்சு, பாத்தீயளா? நான் ரெண்டுலேந்தும் ஒரு நுள்ளு எடுத்து நாக்குல வச்சுப் பாத்தேன். படிச்சவங்களுக்கு உப்பு, எனக்குச் சர்க்கரை.”

செல்லபாய் சிரித்தாள். சிரித்துப் பல நாளாகியிருக்க வேண்டும். சத்தம் அவளுக்கே புதிதாக இருந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இரு அம்மா,” என்றார் ரசலையன். “நடந்ததை முதல்லேந்து சொல்லு.”

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் ஒரு விருந்தாளி வந்தார். பேர் யேசுரத்தினம், ஊர் கருங்கல் என்று புத்தகத்தில் எழுதினார். தாடி, தலையில் மப்ளர், மூக்குக்கண்ணாடி. நெஞ்சுக்கு மலைக்காற்று நல்லது என்று வைத்தியர் சொன்னதாகச் சொன்னார். பதினொரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் புட்டும் பழமும் எடுத்துக்கொண்டு போனால் அறையில் ஆளில்லை. மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பாறை விளிம்பில் செருப்பும் துண்டும் கிடந்தன. கீழே ஆயிரம் அடிப் பள்ளம். எஸ்டேட் ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சொன்னது அவள்தான். போலீஸ் வந்தது. பள்ளத்தில் தேடினார்கள், பிரேதம் கிடைக்கவில்லை. வீட்டைச் சோதித்தார்கள். செல்லபாயின் பெட்டியில், சேலைக்கு அடியில், யேசுரத்தினத்தின் பேர் பொறித்த சங்கிலிக் கடிகாரம் இருந்தது.

“அவரு எனக்குத் தந்ததாக்கும். சொன்னேன். ஆரும் நம்பல்ல.” அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். “நாளைக்குக் காலம்பற அவருக்க தம்பியையும் கூட்டிட்டு சப் இன்ஸ்பெக்டரு வாறாரு. தம்பி சாமானை எல்லாம் அடையாளம் காட்டினதும் என்னைக் கொண்டுபோவாவளாம்.”

“தம்பியை நீ பாத்திருக்கியா?”

“இல்ல ஏமானே. கருங்கல்ல ரெண்டுபேரும் ஒரே வீடாம். தம்பி தக்கலையில வக்கீல் குமாஸ்தாவாம். பேரு ஜெபமணியாம். ஸ்டேஷன்ல கடிகாரத்தைப் பாத்து அண்ணனுக்கதுதான்னு சொல்லிக் கண்ணீர் விட்டுக் கரஞ்சாராம்.”

ரசலையன் முந்தின நாள் கருங்கல் சந்தையில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். இரண்டு சகோதரர்கள், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீட்டில் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் மலைக்குப் போன அதே சமயம் தம்பி கொல்லத்துக்கு வழக்கு விஷயமாகப் போயிருந்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவர் இன்னொன்றும் சொன்னார்: கண்ணாடி இல்லாவிட்டால் யேசுரத்தினத்துக்குக் கிணற்றில் வாளி கிடக்கிறதா என்றுகூடத் தெரியாது.

“அறையைக் காட்டு,” என்று எழுந்தார்.

கிழக்கு மூலை அறை. கட்டில், மேசை, ஒரு நாற்காலி, பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு பஞ்சுப்பொதிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மேசைமேல் கண்ணாடியைத் தொடாமல் வைத்திருந்தார்கள். ரசலையன் அதை எடுத்து, கையோடு கொண்டுவந்த வருகைப் புத்தகத்துக்கு மேலே பிடித்தார். எழுத்தெல்லாம் எறும்பாகச் சுருங்கியது. தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் போடுகிற கண்ணாடி. அதிலும் கனமான கண்ணாடி.

கிளீட்டஸ் அதை வாங்கி மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்தான். கட்டில் காலில் இடித்துக்கொண்டான்.

“மாதாவே! இதைப் போட்டுட்டு அந்த மனுசன் பள்ளத்துல விழுந்ததுல அதிசயமில்ல. பதினொரு நாளு விழாம இருந்ததுதான் அதிசயம்.”

“கழத்து. உனக்கு நல்ல கண்ணு. அதுனால தலை சுத்துது.” சொல்லிவிட்டு ரசலையன் சட்டென்று நிறுத்தினார். “செல்லபாய், அவருக்கு இந்த வீட்டுல நடக்கச் சிரமம் உண்டுமா?”

“உண்டும். படியில தட்டித் தடவித்தான் இறங்குவாரு. எப்பமும் தலைவலி. நான் சுக்கு அரச்சு நெத்தியில பத்துப் போட்டுக் குடுப்பேன்.”

“கண்ணாடியைக் கழத்தி நீ பாத்ததுண்டா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசிக்கும்போதே முகம் மாறியது. ஏதோ நல்ல காலத்தை நினைப்பவளின் முகம் வந்தது.

“ஒரே ஒரு நாளு. மஞ்சு நல்லா விலகிச்சு. கடலு தெரியுது, பாக்க வாருங்கன்னு நான்தான் விளிச்சேன். இந்த ஜன்னல்ல நின்னு, கண்ணாடியைக் கழத்திக் கையில வச்சிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. ‘செல்லபாய், அந்தா ஒரு வள்ளம் போவுது, ரெண்டு பாய் விரிச்சிருக்கு’ன்னாரு. நான் எவ்வளவு நோக்கியும் எனக்குக் கடலு மட்டும்தான் தெரிஞ்சுது.”

கிளீட்டஸ் ஜன்னலுக்குப் போய் மஞ்சுக்குள் எட்டிப் பார்த்தான்.

“இந்த மலையிலேந்தா?” கிளீட்டஸ் மெதுவாகக் கேட்டான். “ரெண்டு பாயின்னு எண்ணிச் சொன்னாரா? எங்க அப்பன் நாப்பது வருஷம் கடல்ல கெடந்தவரு. அவரே இஞ்சேந்து வள்ளத்தைக் கண்டுபிடிச்சா ஒரு பூசை வைக்கணும். அப்பேர்ப்பட்ட கண்ணு!”

“கிணத்துல வாளி தெரியாத ஆளு,” என்றார் ரசலையன்.

கிளீட்டஸ் அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டெல்லாம் அவனிடமிருந்து இறங்கிப்போனது. “அப்பம் வந்தது யேசுரத்தினம் இல்லியா?”

“இல்ல. யேசுரத்தினத்துக்க கண்ணாடியையும் கடிகாரத்தையும் பேரையும் கொண்டுவந்த வேற ஒருத்தன். அவன் பள்ளத்துல விழவும் இல்ல. செருப்பை விட்டுட்டு, வேற செருப்பைப் போட்டுக்கிட்டு இறங்கிப் போயிட்டான். அண்ணன் மலையில உயிரோட இருந்தாரு, மலையிலதான் செத்தாருன்னு ஊரு நம்பணும். அதுக்காகத்தான் பதினொரு நாளு.”

செல்லபாய் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அவரு அவரு இல்லியா?”

“நீ பாத்த ஆளு உயிரோட இருக்கான் அம்மா. அது மட்டும் நிச்சயம்.”

அதைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. தன் தலைக்கு மேல் தொங்குகிற கயிற்றைவிட அந்தச் செய்திதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது என்பதை ரசலையன் கவனித்தார். கவனித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் விறகு கொண்டுவந்து கணப்பில் போட்டாள். ரசலையன் கேட்காமலே பேசினாள்.

“மிஸ்ஸியம்மா என்னை ஆயான்னு விளிப்பாங்க. தங்க வாறவங்க ‘ஆரு அங்க’ன்னு விளிப்பாங்க. மாசத்துல ஒருத்தரோ ரெண்டுபேரோ வருவாங்க; காலம்பற தின்னுட்டுப் போவாங்க. இவரு வந்த அன்னைக்கே எனக்க பேரு என்னன்னு கேட்டாரு. பிறவு தினமும் செல்லபாய், செல்லபாய்னுதான். காலம்பற நான் புட்டு வச்சிட்டு உள்ள போனா, ‘ஒத்தையில தின்ன முடியாது, நீயும் இரி’ன்னு சொல்லுவாரு. நான் இருக்க மாட்டேன். ஆனா போவவும் மாட்டேன். கதவுல சாஞ்சு நிப்பேன். பேசிக்கிட்டே இருப்போம்.” நெருப்பைக் கிளறினாள். “பதினொண்ணாம் நாளு கடிகாரத்தைத் தந்தாரு. ‘எனக்க ஞாபகமா வச்சுக்கோ’ன்னாரு. எனக்கு மணி பாக்கத் தெரியும்னு அவருக்குச் சந்தோசம்.”

ரசலையன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் இப்போது பேரைச் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. தாசில்தாரில் இருந்து சலவைக்காரன்வரை எல்லாருக்கும் அவர் ஏமான்தான்.

“நாளைக்கு வாறவங்களை எப்பிடி நடத்துவ?” என்று கேட்டார்.

“போலீசுக்காரங்களையா?”

“விருந்தாளியா நடத்து. எல்லாருக்கும் காலைப் பலகாரம் வை. காப்பி வை. எப்பமும் எது எங்க இருக்குமோ அது அங்கேயே இருக்கட்டும். ஒண்ணும் சொல்லாண்டாம்.”

இரவெல்லாம் பெய்த மழை மறுநாள் காலையில் நின்றிருந்தது. எட்டு மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் பொன்னுலிங்கம் ஒரு கான்ஸ்டபிளோடு படியேறி வந்தார். ரசலையனிடம் முன்பு வேலை பழகியவர். ஆளைக் கண்டதும் விறைத்து நின்று சலாம் வைத்தார், உடனே சங்கடப்பட்டார்.

“சார், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? கேஸ் தெளிவா இருக்கு. கடிகாரத்தை நானே எனக்க கையால இவ பெட்டியிலேந்து எடுத்தேன்.”

அவருக்குப் பின்னால் ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயது. தாடி இல்லை, கண்ணாடி இல்லை. கழுத்தைச் சுற்றித் துண்டு. தலையை நிமிர்த்தாமல் படிகளை மட்டும் பார்த்து ஏறினான். செல்லபாய் கதவருகே நின்றாள். அவன் அவளைக் கடந்து போனான். அவள் முகத்தில் எதுவும் இல்லை. மூடின ஜன்னல்போல் இருந்தது.

“இவருதான் ஜெபமணி. யேசுரத்தினத்துக்க தம்பி,” என்றார் சப் இன்ஸ்பெக்டர். “பாவம், வர மாட்டேன்னாரு. கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தேன்.”

“நல்ல காரியம். இதுக்கு முன்ன இந்தப் பக்கம் வந்ததுண்டா?” ரசலையன் அன்பாகக் கேட்டார்.

“இல்ல ஏமானே. கீரிப்பாறைக்கு மேல நான் கேறினதே இல்ல.” வேண்டுமென்றே அடக்கியதுபோல் சன்னமான குரல்.

“குளிரா இருக்கும். முதல்ல எல்லாரும் இருந்து காப்பி குடியுங்க. பிறவு சாமானைப் பாக்கலாம்.”

நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். புட்டு ஆவி பறந்தது. செல்லபாய் கோப்பைகளை வைத்தாள். ஒரு கோப்பை தட்டில் கிணுகிணுத்தது. இரண்டு டப்பாக்களையும் மேசை நடுவில் வைத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் சர்க்கரை என்று எழுதியிருந்த டப்பாவைத் திறந்தார். கிளீட்டஸ் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் ரசலையனின் செருப்பு அவன் காலை மிதித்தது, வாய் மூடிக்கொண்டது. சப் இன்ஸ்பெக்டர் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். குடித்தார். முகம் கோணியது. சர்க்கார் உடுப்பில் இருந்ததால் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் நீர் வந்தது.

“என்ன எழவு இது! உப்பு!”

ஆனால் ரசலையன் அவரைப் பார்க்கவில்லை. மேசையின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஜெபமணி குனிந்த தலை நிமிராமல், எதையோ நினைத்துக்கொண்டு, கையை நீட்டி உப்பு என்று எழுதியிருந்த டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி போட்டு, கலக்கி, பாதிக் கோப்பையைக் குடித்து முடித்திருந்தான்.

“காப்பி எப்பிடி இருக்கு?” என்று கேட்டார் ரசலையன்.

“நல்லா இருக்கு ஏமானே.”

“நீங்க போட்ட டப்பாவுல என்ன எழுதியிருக்கு? இங்கிலீஷ் வாசிப்பியளே.”

ஜெபமணி டப்பாவைப் பார்த்தான். எதிரே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். அவன் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது.

“இந்த வீட்டுல முதல் நாளு ஆருக்கும் சர்க்கரை கிடைக்காது,” என்றார் ரசலையன். “முந்தாநேத்தைக்கு வந்திருந்தா எனக்கும் நேத்து கிடைச்சிருக்கும். நீங்க எத்தனை நாளு இங்க காப்பி குடிச்சிய ஜெபமணி?”

“ஆரோ சொன்னாங்க… வழியில…”

“வழியில சொன்னது நீங்களா பொன்னுலிங்கம்?”

“எனக்கே தெரியாதே சார்!” என்றார் சப் இன்ஸ்பெக்டர், இன்னும் நாக்கைச் சுழற்றிக்கொண்டே.

ரசலையன் அந்தக் கனத்த கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். “அண்ணனுக்குக் கிணத்துல வாளி தெரியாது. இஞ்ச தங்கின ஆளு கண்ணாடியைக் கழத்திட்டுக் கடல்ல பாய் எண்ணினான். அந்தா ஜன்னல். இன்னைக்கு மஞ்சு இல்ல. நீங்க எண்ணிக் காட்டாண்டாம். அண்ணன் எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க.”

ஜெபமணி கோப்பையைக் கீழே வைத்தான். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். சொன்னது துண்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

“மரச்சீனி விளையில. வீட்டுக்குப் பின்ன உள்ள கிழங்குத் தோட்டத்துல புதச்சேன்.”

கான்ஸ்டபிள் எழுந்து நின்றான். சப் இன்ஸ்பெக்டர் கையசைத்து அவனை நிறுத்தினார்.

“ஒரு வீடு, ரெண்டு பேரு. ஆறு வருஷமாப் பேச்சு இல்ல ஏமானே. எனக்கு ஒரு பெண்ணைப் பேச வந்தவங்களை, இந்தக் குடும்பத்துல பைத்தியம் உண்டும்னு சொல்லி அண்ணன் திருப்பி அனுப்பிட்டாரு. அன்னைக்குத்தான் பேசினோம். பேசினதுதான் வினை. நான் தள்ளினேன். அம்மியில தலை அடிச்சுது. ஒரு சத்தம்தான்.” அவன் துண்டை இறக்கினான். “பயந்துட்டேன். அண்ணன் உயிரோட எங்கேயோ போனதா இருக்கணும்னு நெனச்சேன். எனக்கும் அண்ணனைப்போலத் தாடி ஏற்கெனவே இருந்துச்சு. இஞ்ச வந்தேன்.”

“வந்து, ஒரு பெண்ணைக் கழுமரத்துல ஏத்திட்டு இறங்கிப் போனிய,” என்றான் கிளீட்டஸ். அவன் குரலில் கேலி துளியும் இல்லை.

“இல்ல!” ஜெபமணி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினான். “செத்துப்போனதாத்தான் காட்ட நெனச்சேன். ஒருத்தரையும் மாட்டிவிட நெனக்கல்ல. கடிகாரத்தைத் தந்தது சும்மா தந்ததாக்கும். போறதுக்கு முன்ன ஏதாவது குடுக்கணும்னு தோணிச்சு. எனக்கதுன்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அண்ணனுக்கதுதான் இருந்துச்சு. அது இவ பெட்டியில கிடைச்சுன்னு ஸ்டேஷன்ல காட்டினப்பம்… வாயைத் தொறந்தா நான் போயிடுவேன். தொறக்கல்லன்னா இவ போயிடுவா. பத்து நாளா உறங்கல்ல. ஆனா வாயைத் தொறக்கவும் இல்ல.”

சப் இன்ஸ்பெக்டர் செல்லபாய் பக்கம் திரும்பினார். அவர் முகம் சிவந்திருந்தது. இந்தத் தடவை உப்பினால் அல்ல. “அம்மா, தாடி இல்லன்னாலும் உனக்கு ஆளைத் தெரியல்லியா?”

“படி கேறையிலேயே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா? பின்ன ஏன் சொல்லல்ல? உனக்க கழுத்துக்குல்லா கயிறு!”

செல்லபாய் கதவிலிருந்து அசையவில்லை. ஜெபமணியை நேராகப் பார்த்தாள்.

“அவரு சொல்லுவாருன்னு நெனச்சேன்,” என்றாள்.

ஜெபமணி அந்தப் பார்வையைத் தாங்காமல் மேசைமேல் தலையைக் கவிழ்த்தான். கான்ஸ்டபிள் விலங்கை மாட்டும்போது கைகளை அவனே சேர்த்து நீட்டினான்.

படியிறங்கும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. செல்லபாய் உள்ளே போய் ஒரு பழைய துணிக்குடையைக் கொண்டுவந்தாள். கொடுக்க வந்தவள், விலங்கு போட்ட கைகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கிளீட்டஸ் குடையை அவளிடமிருந்து வாங்கி விரித்து, ஜெபமணியின் தலைக்கு மேல் பிடித்தான்.

“நான் அடிவாரம்வரை போயிட்டு வாறேன் ஏமானே,” என்றான்.

நான்கு பேரும் முதல் வளைவில் திரும்பினார்கள். சற்று நேரம் குடை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. கூரையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

ரசலையனும் செல்லபாயும் படியிலேயே நின்றார்கள். பேச வேண்டியது ஏதோ பாக்கி இருப்பதுபோல் இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். கேஸ் முடிந்தது, இனி உன்னை யாரும் தொட மாட்டார்கள் என்று சொல்ல நினைத்தார். அவள் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை.

“ஏமானே, நீங்க படிச்சவங்க. கள்ளன் எது, நல்லவன் எதுன்னு பாத்துப் பழகினவங்க. ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லுங்க.” மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அந்தப் பதினொரு நாளும் கள்ளமா?”

இருபத்துநான்கு வருஷ சர்வீஸில் அவர் எத்தனையோ சாட்சிகளை விசாரித்திருக்கிறார். இவ்வளவு யோசித்து ஒரு பதிலை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

“பேருதான் கள்ளம் செல்லபாய்,” என்றார்.

அவள் கொஞ்ச நேரம் அதை மனசுக்குள் எடைபோட்டாள்.

“அது போதும்,” என்று சொல்லிவிட்டு, மேசையைத் துடைக்க உள்ளே போனாள்.